வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற ரேஞ்ச்ஃபைண்டர்: எதைக் கேட்பது, எதை விட்டுவிடுவது

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்க நினைப்பவர் மனத்தில் ஓர் ஆசைப்பட்டியல் இருக்கும். ஃபிலிம் மாட்டுவது எளிதாக இருக்க வேண்டும். ஷட்டர் வேகம் இன்னும் கூட வேண்டும். கிட்டத்தில் இருப்பதும் ஃபோகஸ் ஆக வேண்டும். உள்ளேயே லைட் மீட்டர் வேண்டும். இவற்றில் எதுவும் புதிய ஆசை இல்லை. கடந்த எழுபது ஆண்டுகளில் ஏதோ ஒரு நிறுவனம் ஏதோ ஒரு மாடலில் இவை ஒவ்வொன்றையும் செய்து காட்டியிருக்கிறது. எல்லாம் ஒரே கேமராவில் சேர்ந்து வந்ததில்லை, அவ்வளவுதான். ஒன்றைக் கொடுத்தபோது இன்னொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் எது வேண்டும், எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் படமெடுக்கும் ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த அத்தியாயம் திண்டுக்கல்லையும் அதைச் சுற்றிய சமவெளியையும் வைத்து எழுதப்பட்டது. காலை ஒன்பது மணிக்கே கண் கூசும் வெயில், பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், செம்மண் தூசி ஒரு பக்கம். பகலிலும் மங்கலாக இருக்கும் பூட்டுப் பட்டறையும் தறிக்கூடமும் இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே நாளில் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். கேமராவின் நல்லதும் கெட்டதும் அங்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

இரண்டு சன்னல்கள்

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. கேமராவின் மேல்பக்கம் ஒரு தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு சிறு சன்னல் உண்டு. அதில் விழும் உருவத்தைக் கண்ணாடிகள் திருப்பி, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு சிறு கட்டமாகக் காட்டும். லென்ஸைத் திருகும்போது கட்டத்துக்குள் இருக்கும் உருவம் பக்கவாட்டில் நகரும். இரட்டையாகத் தெரிவது ஒன்றானால் ஃபோகஸ் சரி. இரண்டு சன்னல்களுக்கும் இடையிலான தூரம், அதாவது அடித்தூரம், கூடினால் துல்லியமும் கூடும். லைக்கா எம்-3இல் அது சுமார் 69 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தோடு வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தைப் பெருக்கி வரும் எண்தான் உண்மையான பலம். எம்-3க்கு உருப்பெருக்கம் 0.91, ஆகவே பலம் 62க்கு மேல். அதே அடித்தூரம் கொண்ட எம்-6இன் வழக்கமான மாடலில் உருப்பெருக்கம் 0.72, பலம் சுமார் 50. கேமரா வாங்கும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். ஷட்டர் வேகத்தைவிட இது முக்கியம்.

1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான முதல் லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. தூரத்தைக் கண்ணால் கணித்து லென்ஸில் வைக்க வேண்டும். 1932இல் வந்த லைக்கா இரண்டில் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் வந்தது. ஆனால் ஃபோகஸ் பார்க்க ஒரு சன்னல், படத்தின் எல்லை பார்க்க இன்னொரு சன்னல். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களின் பெரிய ஆசையே இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதுதான். 1936இல் கான்டாக்ஸ் இரண்டு அதைச் செய்தது. லைக்கா 1954இல் எம்-3 வரும்வரை செய்யவில்லை. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தாரே ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன், அவருடைய அன்றைய லைக்காக்கள் கண்ணை ஒரு சன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வைத்துப் பார்க்கும் காலத்தவை. நம்முடைய ஆசைப்பட்டியலை எழுதும்போது இதை மனத்தில் வையுங்கள். குறை இருந்தது, வேலையும் நடந்தது.

ஃபிலிம் மாட்டும் வாசல்

லைக்கா எம் வரிசையைக் குறை சொல்பவர்கள் முதலில் சொல்வது இதை. பின்பக்கக் கதவு முழுதாகத் திறப்பதில்லை. அடித்தட்டைக் கழற்றி, கீழிருந்து ஃபிலிமைச் செருக வேண்டும். எம்-3இல் பின்பக்கம் ஒரு சிறு மடலைத் திறந்து ஃபிலிம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வழி செய்தார்கள். ஆனால் சுருளும் சுற்றுருளையைத் தனியாக வெளியே எடுத்து, அதில் ஃபிலிம் நாக்கைச் செருகி, திரும்ப உள்ளே விட வேண்டும். 1967இல் எம்-4 அந்த உருளையை உள்ளேயே நிலையாக வைத்து, நாக்கை இதழ்களுக்கு நடுவில் நுழைத்தால் போதும் என்று ஆக்கியது. அடித்தட்டு மட்டும் இன்றுவரை மாறவில்லை. 2022இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கிய எம்-6இலும் அதே அடித்தட்டுதான். உடல் உறுதியாக இருக்கும், வெளிச்சம் கசியாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். 1959இல் வந்த கேனான் பி பின்கதவு திறக்கும் கேமரா. அதன் உடல் இன்றும் உறுதியாகத்தான் இருக்கிறது. கதவு வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை என்பதே என் முடிவு.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறங்கும் நேரத்தில் ரோல் முடிந்துவிட்டால் அடித்தட்டை எங்கே வைப்பது? சட்டைப் பையில் வையுங்கள். வாயில் கவ்வாதீர்கள், தூசி ஒட்டும். லாரியின் நிழலிலோ உங்கள் உடம்பின் நிழலிலோ நின்று மாட்டுங்கள். ஃபிலிம் நாக்கை வீட்டிலேயே கத்தரித்து, முனையை லேசாக மடித்துத் தயார் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மாட்டியபின் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு, அடுத்த பிரேமுக்கு லீவரைத் தள்ளுங்கள். லீவர் நகரும்போது ரீவைண்ட் குமிழும் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை, 36 படமும் வெறும் காற்றில் போகும். எந்த ரேஞ்ச்ஃபைண்டராக இருந்தாலும் இந்த ஒரு பார்வையை விடாதீர்கள்.

வெயில்தான் பெரிய சோதனை

எம்-3 தொடங்கி எம்-6 வரை ஷட்டரின் உச்ச வேகம் 1/1000. ஜெர்மனியின் மேகமூட்டத்துக்கு இது தாராளம். திண்டுக்கல் வெயிலுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெட்டவெளி வெயிலில் அபெர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஃபிலிம் ஐ.எஸ்.ஓ.வின் எண்ணுக்குச் சமம் என்பது பழைய விதி. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போட்டால் எஃப் 16இல் கிட்டத்தட்ட 1/500. 1/1000 வைத்தால் எஃப் 11. அதற்கு மேல் லென்ஸைத் திறக்க வழியே இல்லை. பின்னணியை மங்கலாக்கி ஒரு முகத்தை மட்டும் துலங்கச் செய்ய ஆசைப்பட்டு எஃப் 2 லென்ஸ் வாங்கியிருப்பீர்கள். பகல் முழுக்க அது எஃப் 11இலேயே கிடக்கும்.

ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம் போட்டால் 1/1000க்கு எஃப் 5.6 வரும். இங்கிருந்து எஃப் 2க்கு மூன்று படி. எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் என்.டி. 8 ஃபில்டர் ஒன்று மாட்டினால் அந்த மூன்று படியும் கிடைத்துவிடும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆரில் இதே ஃபில்டரைப் போட்டால் வியூஃபைண்டர் இருண்டுவிடும், ஃபோகஸ் பார்ப்பது சிரமம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்வைச் சன்னல் தனி என்பதால் உங்கள் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. வேகமான ஷட்டர் வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு சிறு கண்ணாடி வில்லை பதில் சொல்லிவிடுகிறது. ஆனால் நிழலுக்குள் நுழையும்போது அதைக் கழற்ற நினைவு வேண்டும். வியூஃபைண்டரில் தெரியாதது நல்லதும்தான், ஆபத்தும்தான்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தரும் குறை வேறொன்று. லைக்கா எம் ஃபிலிம் கேமராக்களின் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் கண்ணாடி நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் எதுவும் இல்லை. லென்ஸ் முழுதாகத் திறந்து, ஃபோகஸ் முடிவிலியில் இருக்கும் நிலையில் கேமரா சூரியனைப் பார்த்துக் கிடந்தால், துணித்திரையில் வெளிச்சம் குவிந்து பொசுக்கிவிடும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும். அதன்பின் படங்களில் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழத் தொடங்கும். திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறி இறங்கும் வழியில் கேமராவைப் பாறைமேல் மல்லாக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பது எவ்வளவு இயல்பான காரியம்! அந்த ஒரு நிமிடம் போதும்.

கேனான் பி-யிலும் 1961இல் வந்த கேனான் 7இலும் திரை எஃகுத் தகடு. விரல் பட்டால் சுருங்கும், ஆனால் வெயிலில் பொசுங்காது. நம் ஊருக்கு உலோகத் திரை வேண்டும் என்பதை ஆசைப்பட்டியலின் முதல் வரியில் எழுதுவேன். துணித்திரை கேமராதான் உங்களிடம் இருக்கிறது என்றால் நடக்கும்போது அபெர்ச்சரை எஃப் 16இல், ஃபோகஸைக் கிட்டத்தூரத்தில் வைத்திருங்கள். லென்ஸ் உங்கள் வயிற்றைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். மூடி போடுவது பாதுகாப்பு, ஆனால் வியூஃபைண்டரில் மூடி தெரியாததால் கழற்ற மறந்து படமெடுப்பவர்கள் உண்டு. கழுத்துப் பட்டையில் மூடியை நூலால் கட்டித் தொங்கவிட்டால் கண்ணில் படும்.

வாங்கும்போது திரையைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஃபிலிம் இல்லாமல், லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, திரைக்கு முன்னால் ஒரு பிரகாசமான டார்ச்சைக் காட்டிப் பின்னாலிருந்து பாருங்கள். லீவர் தள்ளுவதற்கு முன்னும் தள்ளிய பின்னும் என இரு நிலையிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் திரை இரண்டு. ஓட்டை இருந்தால் நட்சத்திரம்போல் மின்னும்.

கோடுகளும் கட்டமும்

ரேஞ்ச்ஃபைண்டர் கட்டத்தில் உருவம் நகர்வது பக்கவாட்டில் மட்டும். அதனால் செங்குத்துக் கோடு இருந்தால்தான் இரட்டை ஒன்றாவது தெரியும். மலைக்கோட்டைப் பாறையில் வெட்டிய படிகளைப் பாருங்கள், எல்லாம் படுகோடு. மூடிய கடையின் ஷட்டரும் அப்படியே. கட்டத்தை அதன்மேல் வைத்து எவ்வளவு திருகினாலும் ஒன்றும் புரியாது. கேமராவைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு, மறுபடி கிடையாக்கிப் படமெடுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல் சின்னாளப்பட்டித் தறியில் வரும். பாவு நூல் முழுக்கச் செங்குத்துக் கோடுகள், எல்லாம் ஒரே மாதிரி, சம இடைவெளி. ஒரு நூலின் உருவம் பக்கத்து நூலின்மேல் போய் உட்கார்ந்து, ஃபோகஸ் ஆகிவிட்டதுபோல் காட்டும். படம் கழுவி வந்தபின்தான் மங்கல் தெரியும். தறிக்கு முன்னால் நூலை நம்பாதீர்கள். தறிச்சட்டத்தின் விளிம்பு, நெசவாளரின் மூக்குக்கண்ணாடி, நாடா என்று தனித்து நிற்கும் ஒன்றைப் பிடியுங்கள்.

இவை வடிவமைப்பால் தீராத குறைகள். தீரக்கூடியதும் ஒன்று இருந்தது. 1970களின் கடைசியில் செலவைக் குறைக்க லைக்கா ரேஞ்ச்ஃபைண்டருக்குள் இருந்த ஒரு வில்லையை எடுத்துவிட்டது. அதனால் எம்-4-2 முதல் எம்-6 வரையிலான கேமராக்களில் பக்கவாட்டு வெயில் அடிக்கும்போது நடுக்கட்டம் வெளுத்து மறைந்துபோகும். மாலை நாலு மணிக்குச் சாலையில் மேற்கு நோக்கி நின்றால் அது எவ்வளவு எரிச்சல் என்று புரியும். 2003இல் வந்த எம்.பி. மாடலில் அதைச் சரிசெய்தார்கள், 2022இன் எம்-6உம் அந்தத் திருத்தத்தோடு வருகிறது. பழைய எம்-6 வாங்கினால் கண்ணைச் சன்னலின் நட்டநடுவில் வையுங்கள். முன்பக்கம் நடுவில் இருக்கும் பால்நிறச் சன்னலை விரலால் பாதி மறைத்தால் கட்டம் ஓரளவு திரும்பி வரும்.

கேனானெட், யாஷிகா எலக்ட்ரோ 35, ஃபெட், சோர்க்கி போன்ற விலை குறைந்த கேமராக்களில் வேறு பிரச்சினை. பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடியின் பூச்சு வயதாகி மங்கியிருக்கும், கட்டம் இருக்கிறதா என்றே தெரியாது. முன்பக்கப் பார்வைச் சன்னலின் நட்டநடுவில், கட்டம் விழும் இடத்தில், ஒரு துளி கருப்பு டேப்பை ஒட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் நேர்க்காட்சி மறைந்து ரேஞ்ச்ஃபைண்டர் உருவம் மட்டும் நிற்பதால் கட்டம் பளிச்சென்று தெரியும். செலவில்லாத திருத்தம், பலருக்கு இதுவே போதும்.

கிட்டப் போகும் ஆசை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றைப் படமெடுக்க இன்றைக்குப் போக வேண்டும், இந்த நூலைப் படிக்கும் ஒவ்வொருவரையும் இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே கேமரா சந்திக்கும் முதல் தடை தூரம். பெரும்பாலான எம் லென்ஸ்கள் 0.7 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, பழையவை ஒரு மீட்டரோடு நின்றுவிடும். தரையில் அமர்ந்து அரம் போடுபவரின் முழு உருவத்துக்கு அது போதும். அவர் விரல்களுக்கு நடுவில் இருக்கும் நெம்புத் தகட்டுக்குப் போதாது.

இந்த ஆசையும் பழையது. 1956இலேயே லைக்கா 50 மில்லிமீட்டர் சம்மிக்ரான் லென்ஸ் ஒன்றை இரண்டு தூர வரம்புகளோடு செய்தது. அதோடு வரும் கண்ணாடி இணைப்பை மாட்டினால் சுமார் 48 சென்டிமீட்டர் வரை ரேஞ்ச்ஃபைண்டரே கணக்காக வேலை செய்யும். 1960களின் கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். அண்மைக் காலத்தில் வரும் சில எம் லென்ஸ்கள் 0.7 மீட்டருக்கும் கிட்டே திருகும். ஆனால் அந்த எல்லைக்கு உள்ளே ஃபிலிம் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் கூடவே வராது. டிஜிட்டல் திரை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது உதவும். ஃபிலிம்காரர்களுக்கு நூல் உதவும். 50 சென்டிமீட்டர் நூலில் ஒரு முடிச்சு, ஒரு முனை கேமரா மேலே ஃபிலிம் இருக்கும் தளத்துக்கு நேராக, மறுமுனை பூட்டின்மேல். லென்ஸ் வளையத்தில் 0.5 வைத்து, நூலை விட்டுவிட்டு அசையாமல் எடுங்கள். இவ்வளவு கிட்டத்தில் பார்வைச் சன்னலும் லென்ஸும் ஒரே இடத்தைப் பார்க்காது. பொருளின் மேல்பக்கம் வெட்டுப்படாமல் இருக்க, கேமராவை ஒரு விரற்கடை உயர்த்திப் பிடியுங்கள்.

சட்டக்கோடுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வியூஃபைண்டரில் தெரியும் வெள்ளைக் கோடுகள் கிட்டத்தூரத்துக்கு ஏற்ப வரையப்பட்டவை. எம்-3இல் ஒரு மீட்டருக்கு, எம்-6இல் 0.7 மீட்டருக்கு. தூரத்தில் உள்ளதை எடுக்கும்போது கோட்டுக்கு வெளியே இருப்பதும் படத்தில் விழும். ஊருக்கு வெளியே நின்று மலைக்கோட்டையை எடுத்தால் ஓரத்தில் மின்கம்பம் வந்து நிற்பது இதனால்தான். கோட்டின் வெளிவிளிம்பையும் தாண்டிக் கொஞ்சம் இடம் இருப்பதாகக் கருதிச் சட்டம் கட்டுங்கள். தூரத்துக்கேற்பக் கோடுகளின் அளவே சுருங்கி விரிய வேண்டும் என்பது இந்த வகைக் கேமராவில் எனக்குள்ள ஆசைகளில் ஒன்று.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய எம்-3இன் பார்வைத்துளை விளிம்பு வெறும் உலோகம், கண்ணாடியைக் கீறும். குழாய்ச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டினால் தீர்ந்தது.

மீட்டரும் மின்கலமும்

எம்-3இல் மீட்டர் கிடையாது. 1971இல் எம்-5 லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டரோடு வந்தது. கருத்து நல்லது, உடல் பெரிதாகிவிட்டது. வாங்குபவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, சில ஆண்டுகளிலேயே நிறுத்தினார்கள். 1984இல் எம்-6 லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டரைப் பழைய அளவு உடலுக்குள் வைத்தபோதுதான் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். எம்-6இன் மின்கலம் தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும், மீட்டர் விளக்கு மட்டும் எரியாது. அதற்கு வேண்டிய எல்.ஆர். 44 வில்லைகள் வாட்ச் ரிப்பேர் கடைகளிலேயே கிடைக்கும். சிறு ஊரில் படமெடுப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

1972இன் கேனானெட் க்யூ.எல். 17 ஜி-3 விலைக்கு மிஞ்சிய கேமரா. 40 மில்லிமீட்டர் எஃப் 1.7 லென்ஸ், பின்கதவு திறந்து ஃபிலிமை வைத்து மூடினால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டது, அது இன்று விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் மின்கலத்தைப் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லும். காது மிஷினுக்குப் போடும் 675 எண் மின்கலம் 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரி. அதன் விட்டம் 11.6 மில்லிமீட்டர், பழைய மின்கலத்தின் விட்டமோ சுமார் 15.6. இடைவெளியை நிரப்ப ஒரு பித்தளை வளையம் வேண்டும். உள்ளளவு 11.7, வெளியளவு 15.5, உயரம் 5 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தால் நகரில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். தகட்டை இழைத்தே பிழைக்கும் ஊரில் இது ஒரு வேலையே இல்லை. வளையம் மின்கலத்தின் மேல்முனையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மின்கலம் காற்றால் இயங்குவது, ஸ்டிக்கரைப் பிய்த்த நாளிலிருந்து கரையத் தொடங்கும், ஆகவே காற்றுத்துளையை அடைக்கக் கூடாது.

யாஷிகா எலக்ட்ரோ 35க்கு இந்த வளையம் உதவாது. அது 5.6 வோல்ட் கேட்கும், 6 வோல்ட் கொடுத்தால் குறையில்லாமல் ஓடும். மின்கலம் இல்லாவிட்டால் வேகத்தை மாற்ற வழியில்லை என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கள்.

ஃப்ளாஷ் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எம் வரிசை ஃபிலிம் கேமராக்களில் ஃப்ளாஷ் ஒத்திசையும் வேகம் 1/50, வெயிலில் முகத்தின் நிழலை நிரப்ப அது உதவாது. கேனானெட் போன்ற இலை ஷட்டர் கேமராக்களில் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும். உச்சிவெயிலில் திருமணம் எடுப்பவர் லைக்காவை வீட்டில் வைத்துவிட்டுக் கேனானெட்டை எடுத்துப் போகலாம்.

ஏறக்குறைய எல்லாம் கிடைத்தபோது

ஆசைப்பட்டியலின் பெரும்பகுதியை நிறைவேற்றியது என்று சொல்லத்தக்க கேமரா 1999இல் வந்த கோனிக்கா ஹெக்சார் ஆர்.எஃப். எம் லென்ஸ்களை ஏற்கும், பின்கதவு திறக்கும், உலோகத் திரை, 1/4000 வேகம், 1/125இல் ஃப்ளாஷ், மோட்டார் ஃபிலிமைத் தானே இழுக்கும். ஆனால் மின்கலம் தீர்ந்தால் அது ஓர் எடைக்கல். வியூஃபைண்டர் உருப்பெருக்கமும் 0.6தான். எலக்ட்ரானிக்ஸ் பழுதானால் உதிரி கிடைப்பது கடினம்.

2006இல் வந்த வாய்க்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்-2எம், ஆர்-3எம் இரண்டும் என் கணக்கில் நம் சமவெளிக்கு மிக நெருங்கி வந்தவை. பின்கதவு, உலோகத் திரை, மின்கலம் இல்லாமலே ஓடும் 1/2000 ஷட்டர், 1/125 ஃப்ளாஷ். ஆர்-3எம்இல் வியூஃபைண்டர் உருவம் கண்ணுக்குத் தெரியும் அதே அளவு, இரண்டு கண்ணும் திறந்தே படமெடுக்கலாம். இரண்டு சன்னல்களுக்கு இடையிலான தூரம் மட்டும் 37 மில்லிமீட்டர். 35, 50 மில்லிமீட்டர் லென்ஸ்களுக்கு அது போதும், 90ஐ முழுதாகத் திறந்து எடுக்க நினைத்தால் தடுமாறும். ஷட்டர் சத்தம் லைக்காவைவிடக் கூடுதல். பூட்டுப் பட்டறையின் சுத்தியல் ஓசையில் அது கேட்காது, கோயில் மண்டபத்தில் கேட்கும். 1/2000 ஷட்டர், உலோகத் திரை, பின்கதவு, அதோடு எம்-3இன் 69 மில்லிமீட்டர் அடித்தூரம். கேட்பதென்றால் இந்த நான்கையும் ஒன்றாகக் கேட்பேன். வேறு எதற்கும் இயந்திர ஷட்டரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜல்லிக்கட்டுக்குப் போகிறவர்கள் தானியங்கி ஃபோகஸுக்கு ஏங்கத் தேவையில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 8 வைத்து, 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை துலக்கமாக விழும். தடுப்புக்கு வெளியே நின்று காளை அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்தினால் போதும்.

திண்டுக்கல்லின் பேகம்பூர்ப் பக்கம் தோல் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது, நல்ல தோலில் கேமரா உறை தைத்துக்கொள்ள ஆசை வரும். வெயில் காலத்துக்கு அது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவை அந்த உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்து லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

பழைய கேமரா வாங்கும் முன் ஐ.எஸ்.ஓ. 100 ரோல் ஒன்றைப் போட்டுப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். முதலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கைபேசிக் கோபுரத்தைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது கட்டத்தில் கோபுரம் ஒன்றாகத் தெரிய வேண்டும், மேலும் கீழும் விலகி இருந்தாலும் பழுதுதான். பிறகு வெயில் நேராக விழும் ஒரு வெள்ளைச் சுவரை நான்கு முறை எடுங்கள்: 1/125இல் எஃப் 16, 1/250இல் எஃப் 11, 1/500இல் எஃப் 8, 1/1000இல் எஃப் 5.6. கழுவிய நெகட்டிவில் நான்கும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/1000இல் மட்டும் ஒரு ஓரம் வெளிறி இருந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். சர்வீஸ் செய்தால் சரியாகும், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். நான்குமே ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்தக் கேமராவை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.